மேரி சொன்ன மூச்சு

பிப்ரவரி 3, செவ்வாய்
பனி. மேட்டூரில் தண்ணீரை நிறுத்திவிட்டார்கள், வாய்க்கால் காய்ந்து கிடக்கிறது. உள்ளே மணலில் ஓட்டம். இந்த மாதக் கடைசியில் போலீஸ் வேலைக்கான ஓட்டத் தேர்வு. எதிர்வீட்டு ஆரோக்கியமேரியும் மனு போட்டிருக்கிறாள், சேர்ந்து ஓட வந்தாள். முதல் நாளே என்னை முந்திவிட்டாள். துபாயிலிருந்து அவள் அண்ணன் அனுப்பிய ஷூ வேறு. ஷூ போட்டால் யார்தான் ஓடமாட்டார்கள்!

பிப். 4, புதன்
தொடை, கெண்டைக்கால் எல்லாம் கல். உட்கார்ந்தால் எழ முடியவில்லை. நல்லெண்ணெய், வெந்நீர். வலி எதற்கும் கேட்கவில்லை. மேரி இடுப்பில் குடத்தோடு குழாயடிக்குப் போகிறாள், நேற்று ஓடாதவள்போல.

அப்பா: "அந்தப் பொண்ணப் பாரு, எப்படி நடக்குது."

பார்த்தேன். வயிறு எரிந்தது.

பிப். 6, வெள்ளி
மேரி கண்டுபிடித்துவிட்டாள். "ஏண்டி, கபடியில பாடிப் போற மாதிரியே மூச்ச அடக்கிட்டு ஓடுற?"

உண்மைதான். பள்ளிக்கூடத்தில் மூச்சு விடாமல் பாடியே பேர் வாங்கியவள் நான். ஓட ஆரம்பித்ததும் தானாக அடைத்துக்கொள்கிறது. உடம்பு இறுகி, பல்லும் கடித்து.

"வாயத் தொறந்து ஊதி விடு. மறுநா வலிக்கிறப்பயும் மெதுவா விட்டுப் பாரு."

பெரிய டாக்டர். அவள் சொன்னாள் என்பதற்காகவே செய்யவில்லை.

பிப். 9, திங்கள்
அவள் வரவில்லை. யாருமில்லாதபோது ஊதிப் பார்த்தேன். மதகு வரை நிற்காமல் ஓடினேன்!

பிப். 10
வலி போகவில்லை, இருக்கிறது. ஆனால் படி ஏறும்போது மூச்சை விட்டால் தாங்குகிறது. அவள் சொன்னது சரியாகப் போனதில் எனக்கு அழுகையே வந்துவிட்டது. சோப்பு வாங்க வேண்டும். ஹால் டிக்கெட் ஜெராக்ஸ்.

பிப். 13, வெள்ளி
மேரிக்கு நிச்சயமாகிவிட்டது. மாப்பிள்ளை குவைத். இனி ஓடக்கூடாதாம், கறுத்துவிடுவாளாம். தேர்வுக்கும் போகப்போவதில்லை. அம்மா வாயில் நாள் முழுக்க குவைத்துதான்.

பிப். 16, திங்கள்
ஓடி முடித்தபோது வாய்க்கால் கரையில் மேரி. இறங்கி வந்து கையைப் பிடித்துக்கொண்டாள்.

"உன்னப் பாத்தா பொறாமையா இருக்குடி. நீ யூனிபார்ம் போட்டுப் போயிடுவ. நான் அங்க போயி சோறாக்கணும்."

கண் நிறையத் தண்ணீர். ஆறுதலாக ஏதாவது சொல்லியிருக்க வேண்டும். நான் அவள் காதில் இருந்த புதுத் தோட்டையே பார்த்துக்கொண்டிருந்தேன். கல் வைத்தது.