கண்ணமுது கசந்த நாள்

மன்னி,

காய்ச்சலுக்கு மாத்திரை சாப்பிடும் என் பெண், இன்று காலை பால் கசக்கிறது என்று டம்ளரைத் தள்ளிவிட்டாள். என் மனைவி ஒரு வாய் குடித்துவிட்டு, "நன்னாத்தானே இருக்கு" என்றாள். எனக்கு உடனே உங்கள் ஞாபகம் வந்துவிட்டது. நீங்கள் போய் இரண்டு வருஷமாகிறது. இருந்த காலத்தில் சொல்ல எனக்குத் துப்பிருக்கவில்லை.

பெருமாளுக்குப் படைத்துக் கண்டருளப் பண்ணும்வரை தளிகையில், அதாவது சமையலில், எதையும் ருசி பார்க்கக்கூடாது என்பது நம் ஸ்ரீரங்கத்து வீட்டு வழக்கம். உப்போ வெல்லமோ, உங்கள் கைதான் அளவு. அண்ணாவுக்கு வாழ்க்கைப்பட்டு வந்த நாள்முதல் அது பிசகியதில்லை. எனக்கோ வீட்டில் 'நாக்குக்காரன்' என்று பட்டம். காப்பிப்பொடி எந்தக் கடையில் வாங்கியது என்று ஒரு வாயில் சொல்லிவிடுவேன். அதில் தலைகால் புரியாத பெருமை.

அப்பாவின் பிறந்தநாளான திருநட்சத்திரத்துக்கு, மலேரியாவிலிருந்து எழுந்து கொயினா மாத்திரையோடு திருச்சியிலிருந்து வந்தேன். பாயசத்தை, நம் வீட்டுப் பேச்சில் கண்ணமுதை, முதலில் வாயில் வைத்தவன் நான். பந்தி முழுக்கக் கேட்கும்படி, "என்ன மன்னி, வேப்பிலை போட்டேளா?" என்றேன். எல்லோரும் சிரித்தார்கள். அப்பா ஒரு வாய் சாப்பிட்டு, "ஆமா, கசக்கறது" என்றார். அண்ணாவும் தலையாட்டினார். என் பேச்சைத்தான் ருசித்தார்கள் போலிருக்கிறது. பெருமாளுக்கா இதைப் படைத்தோம் என்று கொதித்த அப்பா, மறுநாளே தளிகைக்கு ஒரு பரிசாரகரை வைத்துவிட்டார். நீங்கள் பூத்தொடுக்க உட்கார்ந்தீர்கள். "அதுவும் கைங்கர்யந்தானே" என்றீர்கள்.

திருச்சிக்குத் திரும்பினால் மெஸ் காப்பி கசந்தது, காவிரித் தண்ணீரும் கசந்தது. "இந்த மாத்திரை அப்படித்தான் சார் பண்ணும். நிறுத்துனா சரியாயிடுங்க" என்றார் கம்பவுண்டர். அன்றே பஸ் ஏறி வந்து உங்களிடம் சொல்லியிருக்க வேண்டும். பட்டம் போய்விடுமே என்று வாயை மூடிக்கொண்டேன். வெட்கங்கெட்டவன் நான்.

கடைசியாகப் படுக்கையில் இருந்தபோது நீங்களே கேட்டீர்கள்: "அன்னிக்கு நெஜமாவே கசந்துதாடா?"

"ஆமா மன்னி."

"அப்போ சரி. என் கைதான் பிசகிடுத்து" என்று கண்ணை மூடிக்கொண்டீர்கள்.

நான் சொன்னது பொய்யில்லை. அதுதான் என்னை இன்னும் அரிக்கிறது. இப்போதும் யாராவது உப்பு சரியா என்று கேட்டால், கிண்ணத்தை மனைவி பக்கம் நகர்த்திவிடுகிறேன். எனக்குக் கசந்தது, மன்னி. நீங்கள் செய்த கண்ணமுது கசக்கவில்லை.