பெற்ற மகள் என்று எழுதிய கை

செவ்வாய்க்கிழமை, மோர்டன், இலண்டன்.

நாட்குறிப்பே, கேட்பவர் எவருமற்ற அவையே, இன்று என் முறையீடு என்மீதே. சிவநேசன் வவுனியாவில் வளர்த்துவிட்டு வந்த பெண்ணை இலண்டனுக்கு அழைக்கும் படிவத்தை நிரப்பியவன் மேடைப் பேச்சாளனான நான்.

“தம்பியின்ரை பிள்ளை எண்டு போடுவமோ, ஐயா?” என்று அன்று கேட்டார்.

“செத்த தம்பியின்ரை பிள்ளை உமக்கு ஆர்? மகள்தானே” என்று முழங்கி, பெற்ற மகள் என்றே எழுதினேன். மரபணுச் சோதனை அவர் தந்தையல்லர் என்றது. பொய்யுரைத்தார் என்று விண்ணப்பத்தை மறுத்துவிட்டார்கள்.

மறுப்புக் கடிதத்தோடு இன்று வந்தவர் என்னைக் கடிந்துகொள்ளவில்லை. “பிள்ளைக்கு இதை என்னெண்டு சொல்லுவன்? பெத்த அப்பா நானெண்டுதான் அவள் நினைச்சிருக்கிறாள்” என்றார்.

விளக்கணைத்துப் படுத்தும் அக்குரல் அகலவில்லை, எழுந்துவிட்டேன். நாவே, மேடைக்குக் காத்திராதே. கையே, அந்தப் பிழை உன்னுடையது என்று மேன்முறையீட்டுக்கான வாக்குமூலத்தை இப்போதே எழுது.