கடைசிப் படகு ஐந்து மணிக்கு

12 மே, திங்கள்

பத்து மணிக்கே மண்டையைப் பிளக்கும் வெயில். உக்கடத்தில் பஸ் ஏறும்போது செருப்பு வார் அறுந்தது. தைக்கக் கொடுக்க வேண்டும்.

ஆபீஸில் ஓனர் நாயுடு ஒரு ஃபைலை நீட்டினார். கப்பல் டூர். சிங்கப்பூரில் ஏறி நாலு ராத்திரி, நடுவில் தாய்லாந்தின் புக்கெட் தீவில் ஒரு பகல். மொத்தம் நாலு பேர்.

"உங்க தம்பியாமுங்களே அம்மணி? நீங்க ஒரு வார்த்தை சொல்லவே இல்லீங்களே."

எனக்கே யாரும் ஒரு வார்த்தை சொல்லவில்லை. சிரித்து வைத்தேன்.

செல்வராஜ், என் ஒரே தம்பி, கணபதியில் பம்ப் பட்டறை. மல்லிகா, தை மாதம் அவனுக்கு வாழ்க்கைப்பட்டவள். சுகுணா, பெரியப்பா மகள். நாலாவது சுகுணாவின் வீட்டுக்காரர். அக்கா டிராவல்ஸில் வேலை பார்க்கிறாள் என்று தெரிந்தும் நேராக ஓனரிடம் பேசியிருக்கிறான். என் முகத்தைப் பார்க்கத் தெம்பு இல்லை.

இனி அவன் பெயரை முழுசாக எழுதப்போவதில்லை. செ. போதும்.

13 மே, செவ்வாய்

கரண்ட் இரண்டு தடவை போனது. ஃபேன் இல்லாமல் தாள் எழுதினேன்.

கப்பலில் போகிறவர்களுக்கு நான் எழுதிக் கொடுக்கும் தாளுக்கு இந்த ஊரில் பெயர் உண்டு. சிங்கப்பூர் ஏஜெண்ட் அனுப்பும் ஃபாக்ஸ் முழுக்க இங்கிலீஷ், நம் ஆட்களுக்கு ஒன்றும் விளங்காது. போய்விட்டு வந்தவர்களை உட்காரவைத்து, காபி கொடுத்து, எங்கே முழித்தீர்கள், எதில் ஏமாந்தீர்கள் என்று துருவித் துருவிக் கேட்டு எழுதி வைத்திருக்கிறேன். ஐந்து வருடச் சேர்மானம். நான் கப்பல் ஏறியதில்லை. கொச்சியில் தூரத்தில் ஒன்று பார்த்ததோடு சரி.

இவர்களுக்கு ஜெராக்ஸ் வேண்டாம், கையாலேயே எழுதிக் கொடுக்கலாம் என்று உட்கார்ந்தேன்:

— ஊறுகாய் கண்ணாடி பாட்டிலில் வேண்டாம். டப்பா, மேலே இரண்டு கவர்.
— கக்கூஸில் தண்ணீர்க் குழாய் இருக்காது. ஒரு மக் அவசியம். (எல்லோரும் சிரிப்பார்கள். திரும்பி வந்து கும்பிடுவார்கள்.)
— சைவம் என்று சொன்னாலும் மீன் இருக்கிறதா என்று தனியாகக் கேட்கவும்.
— குமட்டினால் எலுமிச்சம்பழம். வெறும் வயிற்றோடு இருக்கக் கூடாது.
— ராகுகாலம் பார்த்துக் கப்பல் நிற்காது.
— சிங்கப்பூரில் இறங்கியதும் கடிகாரத்தை இரண்டரை மணி நேரம் முன்னால் தள்ளவும்.
— பாஸ்போர்ட்டைக் கப்பல்காரர்கள் வாங்கி வைத்துக்கொள்வார்கள். கரைக்குப் போக ஒரு அட்டை தருவார்கள். அட்டை பத்திரம்.
— புக்கெட்டில் கப்பல் கடலிலேயே நிற்கும். சின்னப் படகில் கரைக்குப் போய்வர வேண்டும். கடைசிப் படகு மாலை 5 மணி. கால் மணி முன்னதாக வந்துவிடவும்.

இதற்கு அடுத்த வரியை மட்டும் எப்போதும் அடியில் இரண்டு கோடு போட்டு எழுதுவேன். கப்பலுக்கு எப்போதும் சிங்கப்பூர் நேரம்தான். புக்கெட் ஊர் நேரம் அதற்கு ஒரு மணி பின்னால். கரையில் உள்ள கடிகாரத்தைப் பார்த்துக் கைக்கடிகாரத்தை மாற்றினால் கப்பல் போய்விடும்.

அதுவரை வந்து பேனாவை மூடிவிட்டேன். நாளைக்குப் பார்க்கலாம்.

14 மே, புதன்

லீவு போட்டேன். தலைவலி என்று சொன்னேன். தலைவலி இல்லை.

தை மாதக் கல்யாணம். வேறு யாரிடமும் சொல்ல முடியாது, இதிலாவது எழுதி வைக்கிறேன். எங்கள் கல்யாணத்தில் இணைச்சீர் என்று ஒன்று. மாப்பிள்ளையோடு பிறந்தவள் கூறைச்சேலையைப் பிடித்துக்கொண்டு அவன் பக்கத்தில் நிற்க வேண்டும். அவள் நின்றால்தான் கல்யாணம் நிறையும். செ.யோடு பிறந்தது நான் ஒருத்தி.

முதல் நாள் சாயங்காலம் அம்மா வந்து என் கையைப் பிடித்தாள். "நீ பந்தியப் பாத்துக்க கண்ணு. சீருக்கு சுகுணா நிக்கட்டும். நாலு பேரு நாலு விதமாப் பேசுவாங்க." என் வீட்டுக்காரர் தவறி ஐந்து வருடம் ஆகிறது. அதற்குத்தான் இந்த நாலு பேர்.

அம்மாவை மன்னிக்கலாம். அவள் காலம் அப்படி. செ. அந்த அறையிலேயே இருந்தான். வேட்டிக்கரையைத் தடவிக்கொண்டு நின்றான். "என்ற அக்காதான் நிக்கோணும்" என்று மூன்றே வார்த்தை. சொல்லவில்லை. சுகுணா என் இடத்தில் நின்று போட்டோ எடுத்துக்கொண்டாள். நான் பாயசம் பத்துமா என்று பார்த்துக்கொண்டிருந்தேன்.

அவனுக்குப் பள்ளிக்கூட டிபன் கட்டியது நான். அம்மை போட்டபோது வேப்பிலை வைத்துக்கொண்டு பதினோரு நாள் உட்கார்ந்தது நான். எல்லாவற்றையும் நினைத்து நினைத்து மத்தியானம் சோறு இறங்கவில்லை.

15 மே, வியாழன்

செருப்பு தைத்தாகிவிட்டது.

அந்தக் கப்பல் நேர வரியை எழுதவில்லை. தாள் சுத்தமாக, அழகாக வந்திருக்கிறது. அடியில் "நல்லபடியாகப் போய் வரவும்" என்று மட்டும் எழுதினேன்.

போய்ச் செத்துவிட மாட்டார்கள். கப்பலுக்கு ஆள் வராவிட்டால் பாஸ்போர்ட்டைத் துறைமுகத்து ஏஜெண்டிடம் கொடுத்துவிட்டுத்தான் கிளம்புவார்கள். போன வருடம் ஒரு திருப்பூர்க்காரர் இப்படித்தான் மாட்டி, மறுநாள் பிளேனில் சிங்கப்பூர் வந்து சேர்ந்தார். அது எனக்குத் தெரியும். செ.க்குத் தெரியாது. ஒரு ராத்திரி தெரியாமல் இருக்கட்டும்.

16 மே, வெள்ளி

டிக்கெட் வாங்க நாலு பேரும் வந்தார்கள். சுகுணா பட்டுப்புடவையில். ஆபீஸுக்குப் பட்டு!

"அக்கா, பருப்புப்பொடி எத்தனை கிலோ கொண்டுக்கிட்டுப் போலாமுங்க?"

"எல்லாம் தாளில் இருக்குது."

செ. நாற்காலியின் நுனியில் உட்கார்ந்திருந்தான். தாளை வாங்கி நாலாக மடித்துச் சட்டைப்பையில் வைத்தான். படித்துக்கூடப் பார்க்கவில்லை.

மல்லிகாதான் கேட்டாள். நாத்தனாரை நங்கையா என்பது எங்கள் பக்கத்து வழக்கம், அவள் அதை வாய் நிறையச் சொல்கிறாள். "ஏனுங்க நங்கையா, ஊருக்கு ஊரு நேரம் மாறுமாமுங்களே, நாங்க எப்புடி வெச்சுக்கறதுங்க?"

சொல்லியிருக்கலாம். ஒரு நிமிட வேலை. நாக்கு நுனி வரை வந்தது. அதற்குள் சுகுணா, "அதெல்லாம் ஆம்பளைங்க பாத்துக்குவாங்க, உனக்கெதுக்கு" என்று சிரித்தாள். சரி, ஆம்பளைகளே பார்த்துக்கொள்ளட்டும்.

18 மே, ஞாயிறு

ராத்திரி ரயிலில் மெட்ராஸ் கிளம்புகிறார்கள். வழியனுப்பப் போகவில்லை. துணி துவைத்தேன், அரிசி புடைத்தேன்.

22 மே, வியாழன்

சீக்கிரம் எழுதி முடிக்க வேண்டும்.

காலையில் இருந்தே கடிகாரத்தைப் பார்த்துக்கொண்டிருந்தேன். புக்கெட்டுக்கு நம் நேரத்தோடு ஒன்றரை மணி கூட்ட வேண்டும், கப்பலுக்கு இரண்டரை. நமக்கு இரண்டரை அடித்தால் அங்கே கடைசிப் படகு. இரண்டரை அடித்தது. ஒன்றும் இல்லை. மூன்று. மூன்றே கால். ஒழுங்காக ஏறிவிட்டார்கள் போலிருக்கிறது என்று எரிச்சலாகக்கூட இருந்தது.

மூன்று முப்பத்தைந்துக்கு செ.யின் போன்.

"அக்கா, கப்பல் போயிருச்சுங்க்கா."

"எப்படி?"

"நாலே முக்காலுக்கே வந்துட்டமுங்க்கா. படகு ஒண்ணுங் காணோம். கப்பல் போறது கண்ணுக்குத் தெரியுது. பாஸ்போர்ட்டெல்லாம் அதுலதானுங்க்கா." படகுத்துறை மணிக்கூண்டைப் பார்த்துக் கடிகாரத்தைத் திருப்பி வைத்திருக்கிறான். சிங்கப்பூரில் செய்தது போலவே இங்கேயும். கப்பலில் கொடுத்த இங்கிலீஷ் தாளில் பெரிய எழுத்தில் போட்டிருந்ததாம். சுகுணா வீட்டுக்காரர் அதில் முறுக்கு மடித்துவிட்டார்.

சந்தோஷமாக இருந்தது. இங்கே பொய் எழுத மாட்டேன். அடிவயிற்றில் இருந்து சந்தோஷம். சுகுணாவிடம் கொடு என்றேன்.

"அக்கா, எப்படியாச்சும் எங்களக் கரை சேத்துப்போடுங்கக்கா. உங்களைய உட்டா யாருங்க எங்களுக்கு?"

சரியாகக் கேட்கவில்லை, மறுபடி சொல்லு என்றேன். மூன்று தடவை சொல்லவைத்தேன். லைன் பளிங்கு மாதிரி இருந்தது.

அப்புறம் மல்லிகா வாங்கினாள். "நங்கையா, மழை வருதுங்க. எனக்குப் பயமா இருக்குதுங்க." தேம்பல். அதோடு என் சந்தோஷம் நின்றது. அவள் என்னை என்ன செய்தாள்?

படகுத்துறைக்கு எதிரில் போலீஸ் பூத் இருக்கும், அதன் பக்கத்திலேயே நில்லுங்கள், யார் கூப்பிட்டாலும் போகாதீர்கள் என்றேன். சிங்கப்பூருக்கு அடித்தேன். ஏஜெண்ட் ஆளின் கையில் நாலு பாஸ்போர்ட்டும் பத்திரமாக இருந்தது. ஆறு மணிக்குள் லாட்ஜ், நாளைக் காலை பிளேன், எல்லாம் ஏற்பாடு. ஓனர், "உங்களை மாதிரி அக்கா யாருக்குங்க கெடைக்கும்" என்றார்.

27 மே, செவ்வாய்

வந்து சேர்ந்துவிட்டார்களாம். செ. போன் செய்யவில்லை. தாளை எடுத்துப் பார்த்திருப்பான். அவன் மக்கு இல்லை.

1 ஜூன், ஞாயிறு

தூறல். அம்மா கூப்பிட்டுவிட்டாள், சூலூர் வீட்டுக்குப் போனேன். சுகுணாவும் வீட்டுக்காரரும் இருந்தார்கள். புக்கெட் கதை நாலாவது சுற்று போய்க்கொண்டிருந்தது. இதற்குள் கதையில் மழை புயலாகிவிட்டது.

அம்மாவுக்கு ஆத்திரம் அடங்கவில்லை. "எம்பட பசங்களை நடுத்தெருவுல நிறுத்துன பாவி எவன்னு தெரீல. வர்ற வெள்ளிக்கெழமை ஆனைமலைக்குப் போறேன். மாசாணியம்மனுக்கு மொளகா அரைச்சுப் பூசிப்போட்டு வாரேன். செஞ்சவனுக்கு ஒடம்பெல்லாம் எரியட்டும்."

எனக்கு இங்கேயே எரிந்தது.

செ. தலை நிமிராமல் சொன்னான்: "வேண்டாமுங்கம்மா. அக்கா தாளுல தெளிவா எழுதியிருந்துச்சுங்க. நாந்தான் படிக்காம உட்டுப்போட்டேன்."

தெரிந்துகொண்டே சொல்கிறான். என்னைக் காப்பாற்றுகிறானாம்! தையில் வாயைத் திறக்க வேண்டிய இடத்தில் திறக்காதவன், இப்போது யாரும் கேட்காமலே திறக்கிறான். என் கோபத்தை என்னிடம் இருந்து பிடுங்கிக்கொள்ள இவன் யார்?

"அந்தத் தாளுல இல்லீங்கம்மா. நாந்தான் எழுதாம உட்டேன். வேணும்னேதான் உட்டேன். அரைக்கறதுன்னா என்ற பேரச் சொல்லி அரைங்க."

அம்மா சிரித்தாள். "தம்பியத் திட்டுவேன்னு தம் மேல போட்டுக்கறா பாரு." சுகுணா கண்ணைத் துடைத்துக்கொண்டு, "அக்காளுக்குத் தங்கமான மனசுங்க" என்றாள்.

நம்பவில்லை. ஒருத்தருமே நம்பவில்லை! என்னால் ஒரு கெடுதல்கூடச் செய்ய முடியாது என்று நினைத்திருக்கிறார்கள். காபியை அப்படியே வைத்துவிட்டு வந்தேன்.

2 ஜூன், திங்கள்

பதினோரு மணி. ஆபீஸில் இரண்டு கஸ்டமர், பொள்ளாச்சிக்காரர்கள், மலேசியா விசா. செ. வந்து என் மேஜைக்கு எதிரில் உட்கார்ந்தான். பையில் இருந்து தாளை எடுத்து வைத்தான். கடல்தண்ணி பட்டு மை கரைந்திருந்தது.

"போன் பேசும்போதே தெரிஞ்சுபோச்சுங்க்கா. எப்படின்னு நீங்க கேட்டீங்களே, அந்தக் கொரல்லயே."

நான் விசா ஃபாரத்தை நிரப்பிக்கொண்டிருந்தேன்.

"சரியாப் போச்சுதுங்களாக்கா?"

"இல்ல" என்றேன். "நீ ஒரு சாயங்காலந்தான் கரையில நின்னே. நான் தை மாசத்துல இருந்து நிக்கறேன்."

பொள்ளாச்சிக்காரர்கள் பேச்சை நிறுத்திவிட்டார்கள். ஓனர் கண்ணாடியைக் கழற்றினார். நிறுத்த முடியவில்லை எனக்கு.

"அப்ப என்னதான் பண்ணோணும், சொல்லுங்க்கா."

"அன்னைக்குச் சொல்லாததச் சொல்லு. எங்கிட்ட இல்ல. அம்மாகிட்ட."

வேட்டிக்கரை இல்லை, பேண்ட் போட்டிருந்தான். கை தொடையைத் தடவியது. எழுந்து போய்விடுவான் என்றுதான் நினைத்தேன். போகவில்லை. அப்புறம் என் மேஜை போனைத் தன் பக்கம் இழுத்து சூலூருக்குச் சுழற்றினான்.

"அம்மா, நாந்தானுங்க. இணைச்சீருக்கு என்ற அக்காதான் நின்னிருக்கோணும். ஆமாங்க. சுகுணா இல்லீங்க. நான் பேசாம நின்னது தப்புங்க."

அம்மா அந்தப் பக்கம் கத்துவது எனக்கே கேட்டது. "இப்ப எதுக்குடா அது? கல்யாணந்தான் முடிஞ்சுபோச்சே."

"முடிஞ்சாலும் தப்பு தப்புதானுங்க" என்றான். போனை வைத்தான். கையில் வேர்வை, ரிசீவரில் ஈரம்.

மனது கொஞ்சம் இறங்கியது. ரொம்ப இல்லை. சுகுணா வீட்டு நம்பரை ஒரு சீட்டில் எழுதி அவன் பக்கம் தள்ளினேன்.