பொட்டு வைத்த பாட்டில்

வியாழன், ஐப்பசி 13

கம்பெனியிலிருந்து கால்வாய்க்குப் போகும் கழிவுநீர்க் குழாயில் மாதிரி எடுக்கும் பெட்டியை மாதம் ஒருமுறைதான் திறப்போம். மற்ற நாளெல்லாம் அது மணிக்கொரு தரம் தண்ணீர் பிடிப்பதாகக் கம்ப்யூட்டர் சொல்லும். நான் ‘சரி’ என்று கையெழுத்துப் போடுவேன். இன்று பெட்டியைத் திறந்த மணி அண்ணன் பாட்டிலோடு என் மேசைக்கே வந்துவிட்டார்.

“இன்னாம்மா இது, ஒரு சொட்டு கூட இல்ல. காஞ்சி கெடக்குது.”

திரையில் பதினொரு மணி மாதிரி எடுத்தாயிற்று என்று பச்சையில் இருந்தது. பாட்டில் மூடியில் ஆயுத பூஜைக்கு வைத்த குங்குமம் கலையாமல் இருந்தது. அதைப் பார்த்ததும்தான் நினைவு வந்தது. பூஜையன்று மெஷினை நிறுத்தியதும் அலாரம் கத்தியது. கற்பூரம் காட்டும்போது சத்தம் வேண்டாமென்று நான்தான் சாஃப்ட்வேரை டெஸ்ட் மோடில் போட்டேன். பொரி வாங்கிக்கொண்டு வீட்டுக்குப் போனவள் அதைத் திரும்ப மாற்றவே இல்லை. நடுவில் தீபாவளியே போய்விட்டது. டெஸ்ட் மோடில் மெஷின் தண்ணீரே பிடிக்காது; பழைய அளவுகளையே திரையில் திரும்பத் திரும்பக் காட்டியிருக்கிறது. மடச்சி, நானும் நாள் தவறாமல் கையெழுத்துப் போட்டிருக்கிறேன்.

“அப்போ இத்தினி நாளா கால்வாய்ல இன்னா தண்ணிம்மா போச்சு?”

“தெரிலண்ணா.”

அவர் திட்டவில்லை. கழிவுநீர்ப் பம்பை நிறுத்தப் போய்விட்டார். அந்தக் கால்வாய் பழவேற்காடு ஏரியில்தான் சேருகிறது. அவர் தம்பி வலை போடுவதும் அங்கேதான்.

போன ஞாயிறு மணி அண்ணன் கொண்டுவந்து கொடுத்த இறாலில் பாதியை அன்றைக்கே சமைத்துச் சாப்பிட்டோம். மீதி ஃப்ரீசரில் இருக்கிறது. நாளைக்கு அதை வறுத்துத் தரச் சொல்லிவிட்டுத்தான் பாப்பா தூங்கினாள்.