யார் அளவுக்குச் செய்த வண்டி

மல்லேஸ்வரம், பெங்களூரு
ஞாயிறு மாலை

ஸ்வர்ணாவுக்கு,

நான் வாயைத் திறக்காமல் இருந்தது போதும். இங்கே நானும் உன் அம்மாவும் உடம்புக்கு ஒன்றுமில்லாமல் இருக்கிறோம், அந்தப் பாலைவனத்துக் குளிரில் நீயும் அப்படியே இருக்க வேண்டும் என்று பெருமாளை வேண்டிக்கொண்டு எழுதுகிறேன். அம்மாவுக்குச் சர்க்கரை கட்டுக்குள் இருக்கிறது, ஆனால் மாடி வீட்டுக்காரர்கள் மைசூர்பாகு கொடுத்தால் எனக்குத் தெரியாது என்று நினைத்துக்கொண்டு சாப்பிடுகிறாள், நீ போனில் கண்டித்துச் சொல். இரண்டு வருஷமாக உன் போன் வந்தால் நான் பால்கனிக்குப் போய்விடுவது உனக்குத் தெரிந்திருக்கும். காரணமும் தெரியும். ஜெய்சல்மேர் பக்கம் சூரிய மின்நிலையத்தில் வேலை கிடைத்தது, போனாய், அதில் எனக்கு வருத்தமில்லை. அவ்வளவு தூரமும் தனியாக பைக்கிலேயே போவது என்று நீ முடிவு செய்தது உன் சித்தப்பா நாணுவுக்குத் தெரியும், அம்மாவுக்குத் தெரியும், உங்கள் பைக் கோஷ்டிக்கெல்லாம் தெரியும். நீ கோலாப்பூர் தாண்டின பிறகு நாணு வாசலில் வந்து நின்று, "கவலப்படாதேண்ணா, நன்னா ஓட்டறா" என்று சொல்லித்தான் எனக்குத் தெரியும். அதை நான் மறக்கவில்லை, மறந்துவிட்டேன் என்று யாராவது சொன்னால் நம்பாதே.

இப்போது எழுத வந்தது வேறு விஷயம். ஆடி மாதம் அம்மா என்னிடம், ஸ்வர்ணா அடுகோடியில் பைக் பட்டறை வைத்திருக்கும் க்ளென் என்பவனிடம் ஒரு வண்டி செய்யச் சொல்லியிருக்கிறாள், அவளால் லீவு போட்டு வர முடியாது, வீட்டிலிருந்து யாராவது போய்ப் பார்க்க வேண்டுமாம் என்றாள். சொன்னவள் அதோடு நிறுத்தியிருக்கலாம். "நாணு போய்ட்டு வரட்டுமே, அவனுக்குத்தான் அந்த பாஷையெல்லாம் தெரியும்" என்றாள். எனக்குச் சுருக்கென்றது. எங்கள் அப்பா தன் மோட்டார் சைக்கிளை மூத்தவனான எனக்குத் தராமல், நீ படிக்கிறவன், உனக்கெதுக்கு என்று நாணுவிடம் கொடுத்தார். உன்னை ஜக்கூர் மைதானத்துக்குக் கூட்டிப்போய் அவன் ஓட்டக் கற்றுக்கொடுத்தபோது நான் ஆபீஸில் இருந்தேன். இதற்கும் அவன்தானா? முப்பது வருஷமாகப் பாலம் கட்டுகிறவனுக்கு இரண்டு சக்கரத்தின் மேல் ஒரு சட்டம் நேராக நிற்கிறதா என்று பார்க்கத் தெரியாதா, நானே போகிறேன் என்று சொல்லிவிட்டேன். நாணு அதைக் கேட்டு, "அண்ணா, அங்க போய் சஸ்பென்ஷன்னா ஆபீஸ்ல குடுக்கறதுன்னு நெனச்சுண்டு பேசிடாதே" என்று சிரித்தான்.

குற்றம் கண்டுபிடிக்கத்தான் போனேன், அதை மறைக்கவில்லை. பழைய புல்லட் எஞ்சினை எடுத்து, சட்டத்தைப் புதிதாக வளைத்து, மணலில் புதையாமல் இருக்கத் தடித்த டயர் போட்டு, பாதி பிறந்த கன்றுக்குட்டி மாதிரி வண்டியை நிறுத்தி வைத்திருந்தான் க்ளென். ரிச்சர்ட்ஸ் டவுன் பக்கத்துப் பையன், மரியாதை தெரிந்தவன். "சும்மா ஏறிக் குந்துங்க அங்கிள், கைய முன்னாடி வெய்யுங்க" என்றான். தையல்காரன் மாதிரி டேப்பை எடுத்து இடுப்பிலிருந்து முட்டி, முட்டியிலிருந்து பாதம், தோளிலிருந்து மணிக்கட்டு என்று அளந்து சுவரில் சாக்பீஸால் குறித்தான். உனக்குப் பதிலாக என்னை அளக்கிறான் என்று நினைத்தேன். நீ என் ஜாடை, என் உடல்வாகு என்று ஊரெல்லாம் சொல்லுமே, அதனால் கேட்கக்கூடத் தோன்றவில்லை. சனிக்கிழமைதோறும் போனேன். ஒவ்வொரு தடவையும் ஒரு குறை சொன்னேன். ஹேண்டில் தள்ளியிருக்கிறது, எந்த மனுஷனுக்கு எட்டும் என்றேன். கால் வைக்கும் இடம் ரொம்பப் பின்னால் போய்விட்டது, முட்டி மடங்கி வலிக்காதா என்றேன். அவன் எதிர்த்துப் பேசாமல் ஹேண்டிலைக் கிட்டே இழுத்தான், கால்கட்டையை முன்னால் தள்ளினான். டிசைனில் உள்ள பிழையைத் திருத்துகிறேன் என்று எனக்குப் பெருமை. என் இடது தோள் இரண்டு வருஷமாக முழுதாகத் தூக்க வராததும், வலது முட்டி மடங்காததும் அப்போது என் நினைவிலேயே இல்லை.

போன மாதம் வண்டி முடிந்துவிட்டது என்று கூப்பிட்டான். போனால் உங்கள் கோஷ்டியே அங்கே இருந்தது. உன் சிநேகிதி மமதா சக்கரத்தடியில் எலுமிச்சம்பழம் வைத்தாள், க்ளென் சிலுவை அடையாளம் போட்டுக்கொண்டான், பிறகு எல்லோரும் ஓர் அடி தள்ளி நின்று என்னையே பார்த்தார்கள். எனக்கு ஒன்றும் புரியவில்லை. மமதா, "ஒதைங்க அங்கிள், டிராஃபிக் ஜாஸ்தி ஆறதுக்குள்ள ஒரு ரவுண்டு போயிரலாம்" என்றாள். வண்டி ஸ்வர்ணாவுடையது, அவளுக்கு வீடியோ கால் போட்டுவிட்டு நீங்களே யாராவது உதையுங்கள் என்றேன். க்ளென் தலையை ஆட்டினான். "அயோ, அது எங்க வழக்கமே இல்ல அங்கிள். யாரு அளவுக்குப் பண்ணோமோ அவங்க கால்தான் முதல் கிக் அடிக்கணும்" என்றான். அவள் அளவும் என் அளவும் ஒன்றுதானே என்று கேட்டேன். மமதா சிரிப்பை அடக்க முடியாமல், "ஸ்வர்ணா இதுல உக்காந்தா கால் தரையில எட்டாது அங்கிள், தொங்கும்" என்றாள். நீ என் தோள் வரைதான் வருவாய் என்பதை ஒரு வெளி மனுஷி எனக்குச் சொல்ல வேண்டியிருந்தது. அப்புறம் க்ளென் நீ சொன்னதாகச் சொன்னான்: "வீட்லேர்ந்து யாரு வராங்களோ அவங்களுக்கு அளவு எடுத்துக்கோ, ஜனவரில பாலைவனத்துல என்கூட அவங்கதான் ஓட்டப்போறாங்கன்னுச்சு." நான் உதைக்கவில்லை. ஆட்டோ பிடித்து வீட்டுக்கு வந்துவிட்டேன். வண்டி அங்கேயே நிற்கிறது. நான் வராமல் யாரும் தொடமாட்டார்களாம், அதுவும் வழக்கமாம்.

அன்றிலிருந்து எனக்குத் தலையும் புரியவில்லை, வாலும் புரியவில்லை. யார் வருகிறார்களோ அவர்களுக்கு என்றால் என்ன அர்த்தம்? யார் வருவார்கள் என்று நீ நினைத்தாய்? வண்டி விஷயம் என்றால் இந்த வீட்டிலிருந்து நாணுதான் போவான் என்பது உனக்குத் தெரியாதா? அவனுக்கென்று நீ ஆசையாகச் செய்யச் சொன்னதில் நான் வீம்புக்குப் போய் உட்கார்ந்துவிட்டேனா? இல்லை, அவன் பெயரைச் சொன்னால் நான் பொறுக்கமாட்டேன், கிளம்பிவிடுவேன் என்று கணக்குப் போட்டு அம்மாவும் நீயும் சேர்ந்து செய்த வேலையா? அம்மாவைக் கேட்டேன். "ரெண்டு வருஷமா ரெண்டு பேருக்கும் நடுவுல தபால்காரி வேல பாத்தாச்சு, இத நீங்களே கேட்டுக்கோங்கோ" என்று சொல்லிவிட்டாள். மானத்தை விட்டு நாணுவையும் கேட்டேன். "நேக்கொண்ணும் தெரியாதுண்ணா, என் தொப்பைக்கு அந்த டாங்க் இடிக்கும்" என்கிறான். வருத்தத்தை மறைக்கிறானா, விளையாடுகிறானா, அவன் முகத்தைப் பார்த்து எனக்கு என்றைக்குத் தெரிந்திருக்கிறது? ஒரு சமயம் கோபமாக வருகிறது. ஒரு சமயம் நீயும் நானும் மணலில் முன்னும் பின்னுமாகப் போவது மாதிரித் தோன்றுகிறது, உடனே அசட்டுத்தனமாக இருக்கிறது.

ஆகையால் நேராகவே கேட்கிறேன், நேராகப் பதில் எழுது. நாணுவுக்கு என்றால் அப்படியே சொல், க்ளெனிடம் சொல்லி எல்லாவற்றையும் அவன் உடம்புக்கு மாற்றச் சொல்கிறேன், கேட்டேன், முடியுமாம். என் மனம் கோணக்கூடாது என்று மாற்றிச் சொல்லாதே. இதற்கு நடுவில் தோளுக்குப் பிசியோதெரபி போகிறேன், அது வலிக்காகத்தான், வேறு அர்த்தம் எடுத்துக்கொள்ளாதே. அங்கே ராத்திரியில் குளிர் எவ்வளவு இருக்கும், என் பழைய கம்பளிக் கோட்டு தாங்குமா, போகிறபோக்கில் அதையும் எழுது. மணலில் வேகமாகப் போகாதே. தண்ணீரை ஒரே பாட்டிலில் வைக்காமல் இரண்டாகப் பிரித்து வை. தனியாக ஓட்டாதே. நீ தீர்க்காயுசாக, சௌக்கியமாக இருக்க வேண்டும், அதில் எனக்கு எந்தக் குழப்பமும் இல்லை.

இந்த இடத்தில் உன் அன்புள்ள அப்பா என்று எழுதிக் கையெழுத்துப் போட வேண்டும். பேனாவை எடுத்துவிட்டுக் கீழே வைத்துவிட்டேன். ஒரு தடவை யாருடைய இடம் என்று கேட்காமல் போய் உட்கார்ந்தாயிற்று. இன்னொரு தடவை, அதுவும் இந்த இடத்தில், அப்படிச் செய்ய மனமில்லை. யாரை எதிர்பார்த்தாய் என்று நீ எழுதினால், அதற்குரியவன் அடுகோடிக்குப் போய் வண்டியை உதைப்பான். அதுவரை இதைக் கையெழுத்து இல்லாமலே தபாலில் சேர்க்கிறேன்.