கேட்க மட்டும் திறந்த செட்

நண்பா,

இடி விழுந்து உன் ரேடியோ செட் எரிந்துவிட்டது என்றாய். நம்பினேன். புதுசு வாங்கியிருப்பாயோ என்று இரண்டு வருடமாகக் காலை ஆறரைக்கு ஜெகதளா வளைவில் காரை நிறுத்தி, நாம் லைசென்ஸ் வாங்கிப் பேசிவந்த ஹாம் ரேடியோ அலைவரிசையில் உன்னைக் கூப்பிட்டேன்.

ஞாயிறன்று கார் செட்டைத் திறந்து, கடுகளவு ரெசிஸ்டர் ஒன்றை எடுத்தேன். அதை எடுத்தால் ஹாமுக்கு ஒதுக்கிய எல்லைக்கு வெளியே பேசுவதும் கேட்கும் என்று செட் கடையில் சொன்னார்கள்.

கேட்டது. உன் குரல்தான். நம் பழைய கூட்டம் முழுக்க அங்கே இருந்தது.

"அந்தாளு இன்னைக்கும் கூப்பிட்டுட்டே கெடந்தாருங்க" என்றாய். எல்லோரும் சிரித்தீர்கள்.

பதில் சொல்ல மைக்கைக் கையில் எடுத்துவிட்டேன். ஆனால் நான் செய்த மாற்றத்தில் அங்கே கேட்கத்தான் முடியும், பேச முடியாது. அதனால்தான் தபாலில் எழுதுகிறேன்.

நாளையிலிருந்து ஆறரைக்குக் கூப்பிட மாட்டேன். சிரிக்க வேறு ஆள் பார்.

இப்படிக்கு,
அந்தாளு