தசமியில முங்க முடியாது

வேறெங்கே சீட்டு வைத்தாலும் சின்னத்துரை கண்டுகொள்ள மாட்டார். எழுந்ததும் அவர் கண் போவது தினசரி காலண்டருக்குத்தான். அதனால் வேலைக்குக் கிளம்பும் அவசரத்தில் அவர் மனைவி கலைமதி சனிக்கிழமைத் தாளையே கிழித்து, பின்பக்கம் எழுதினாள்.

“என்னங்க, தோசை மாவு வெளிய இருக்கு, பிரிட்ஜ்ல வைங்க. கேஸ் சிலிண்டர் வருது, வீட்டப் பூட்டிட்டு எங்கிட்டும் போயிராதீங்க.

அஷ்டமி, நவமி ஆகாதுன்னு அந்தமான்ல ஸ்கூபா டைவிங்கைத் தசமி காலையில போட்டு வச்சிருக்கீங்க. அன்னிக்கு மத்தியானமே நமக்குத் திரும்புற பிளைட்டு! கடலுக்குள்ள முங்குனா ஒரு நாளைக்குப் பிளைட் ஏறக் கூடாது, ஒடம்புக்கு ஆபத்துன்னு டைவிங்காரங்க அனுப்புனதுலயே இருக்கு. பஞ்சாங்கம் படிக்கிற கண்ணுக்கு அது தெரியலையா? நாலு தடவ சொல்லிட்டேன், ‘பாக்கலாம்’ங்கிறீங்க.”

தாளை ஆணியில் மாட்டிவிட்டுச் செருப்பைப் போட்டவள், ஆறாமல் திரும்பி வந்து அடியில் நெருக்கி எழுதினாள்.

“ரசத்தைச் சுட வச்சுக்கங்க.

ராகு காலம் பத்தரைக்கு முடியுது. பத்து முப்பத்தொண்ணுக்குப் போன் போட்டு நாளை மாத்துங்க. இல்லன்னா நவமியில நான் மட்டும் முங்கிட்டு வாரேன். நீங்க கரையில என் செருப்பைப் பாத்துக்கங்க.”